காதம் காட்டிய குழிகள்

காதம், நாழிகைவழி, கூப்பிடுதூரம் என்பன நம் முன்னோர் வழங்கிய வழியளவைகளாம். கூப்பிடுதூரமாவது குரல் சென்றெட்டும் எல்லை. நாழிகைவழியாவது ஒரு நாழிகையில், அஃதாவது 24 நிமிடத்தில், நடக்கலாகும் தொலைவு. ஏழு நாழிகைவழி ஒரு காதம் என்ப. அஃது ஏறக்குறைய 10 மைல். குரலும் காலுமே அளவுகோலாகலின், இவற்றை உணர்தற்கு எழுத்தறிவு வேண்டுவதின்று.

நெடுவழிச் செல்வார்க்கோ எண்ணும் வேண்டும். தருமபுரிப் பகுதியிற் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்லொன்று, அதியமான் பெருவழியில் நாவற்றாவளத்திற்கு 29 காதம் எனப் பொறித்ததோடு, இரண்டு பெருங்குழிகளும் ஒன்பது சிறுகுழிகளும் உடையது. பெருங்குழி பத்தினையும் சிறுகுழி ஒன்றினையுங் குறிக்கும். எழுத்தறியாதானும் எண்ணியறிவான், இருளில் வருவானும் விரலால் தடவியறியலாம்.

இக்காலத்தார் ‘காதவழி’ என்னுஞ் சொல்லை வழங்குவர். அளவு யாதென வினவின் மயங்குவர். நடை அருகிற்று, அதனோடு அளவும் மறைந்தது. எழுத்தறியாதார் அறிந்ததனை எழுத்தறிந்தார் மறந்தமை எண்ணி இரங்கற்பாலது.