பூசி மெழுகிய சுவரும் எழுதப்படாத விதானமும்: அந்தமான் செல்லுலார் சிறையின் சுண்ணாம்புப் படலங்கள்

‘பூசி மெழுகுதல்’ என்னும் தொடர் இன்று உண்மையை மறைத்தலையே பெரிதும் குறிக்கிறது. சுவருக்கும் தரைக்கும் உரிய தொழிற்சொற்கள் இரண்டு இணைந்து, குற்றத்தை மறைப்போரின் செயலுக்கு ஆகிவந்துள்ளன. ‘வெள்ளையடித்தல்’ என்பதும் இவ்வாறே பொருள் விரிவு பெற்றுள்ளது. மேலே ஒன்றைப் பூசினால் கீழிருந்தது இல்லாமற்போகும் என்னும் எண்ணம் இவ்விரு வழக்குகளுக்கும் அடிப்படை. பூச்சுத் தொழிலின் நடைமுறையோ வேறொன்றைக் காட்டுகிறது. பழைய பரப்பை அழிப்பது பெரும்பாலும் புதிய பூச்சன்று. அப்பூச்சு பற்றிக்கொள்வதற்காக முன்னரே செய்யப்படும் சுரண்டலும் கொத்தலுமே. இவ்வேறுபாடு வரலாற்றுச் சிக்கலாகவே மாறும் இடம் அந்தமானின் செல்லுலார் சிறை.

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 1858ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பை நிறுவினர். 1890இல் லயால், லெத்பிரிட்ஜ் ஆகியோரின் குழு, நாடுகடத்தப்பட்டோரைத் தொடக்கத்தில் தனிமையில் அடைத்துவைக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அதன் விளைவாக 1896இல் தொடங்கிய சிறைக் கட்டுமானம் 1906இல் நிறைவுற்றது. நடுக்கோபுரம் ஒன்றிலிருந்து விரியும் ஏழு சிறகுகள், ஒவ்வொன்றிலும் மூன்று தளங்கள், மொத்தம் 690க்கும் மேற்பட்ட அறைகள் என்பது அதன் அமைப்பு. ஓர் அறை ஏறத்தாழ 4.5 மீட்டர் நீளமும் 2.7 மீட்டர் அகலமும் உடையது. காற்றுக்கும் ஒளிக்குமான சாளரம் மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தது. கைதியின் கைக்கு எட்டியது சுவரின் கீழ்ப்பகுதி மட்டுமே. விதானம் அவன் கண்ணுக்கு எட்டியதேயன்றிக் கைக்கு எட்டவில்லை.

இக்கட்டடத்தை எழுப்பியவர்களும் கைதிகளே. குடியேற்றத்தில் கைதிகள் செய்த வேலைகளாக அக்காலத்து அரசு விவரச்சுவடி தரும் நீண்ட பட்டியலில் கொத்துவேலை, செங்கல், சுண்ணாம்பு, வண்ணம் பூசுதல் ஆகியனவும் இடம்பெறுகின்றன. ஆகவே சிறைச்சுவரின் மேற்பரப்பு என்பதும் தண்டனை உழைப்பின் விளைபொருளே. ஒருவரை அடைத்துவைத்த சுவரை மற்றொருவர் எழுப்பினார். ஒருவர் கீறிய எழுத்தை இன்னொருவரின் மட்டை மூடியது.

எழுத்து என்பது இங்கே உருவகமன்று. 1911 முதல் 1921 வரை இச்சிறையில் இருந்த சாவர்க்கர், தாளும் எழுதுகோலும் மறுக்கப்பட்ட நிலையில், ஆணியாலும் முள்ளாலும் சுவரில் கவிதை வரிகளைக் கீறியதையும் அவற்றை மனப்பாடம் செய்துகொண்டதையும் தம் சிறை நினைவுகளில் பதிவு செய்துள்ளார். வெள்ளையடிப்பு வரும், எழுதியது போகும், நினைவில் நின்றது மட்டுமே எஞ்சும். அவருடைய வரிகள் பின்னர் அச்சேறியமையால் இச்செய்தி நமக்குக் கிட்டியது. நினைவுநூல் எழுத வாய்ப்பில்லாது போன எண்ணற்ற கைதிகள் சுவரில் ஏதேனும் கீறியிருப்பின், அதற்குச் சுவரைத் தவிர வேறு சான்றில்லை. அரசியல் கைதிகளைவிடப் பெருந்தொகையினராக இருந்த ஏனைய கைதிகளின் வரலாற்றை எழுத முனைவோர்க்கு இது சிறு செய்தியன்று.

அவ்வெழுத்துகள் உண்மையில் அழிந்தனவா என்பதே அடுத்த வினா. விடை, ஒவ்வொரு முறையும் வெள்ளையடிக்குமுன் என்ன செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. சுண்ணாம்பு நீர் மிக மெல்லிய படலமாகப் படிவது. தூசியை மட்டும் தட்டிவிட்டு அடித்தால், ஆணிக்கீறலை அது நிரப்பும். கீறலின் விளிம்பைச் சிதைக்காது. பொரிந்த பழைய பொருக்குகளை இரும்புத் தகட்டால் சுரண்டியிருந்தால் மேலோட்டமான கீறல் பொருக்கோடு போயிருக்கும். ஆழமானது காரையில் எஞ்சியிருக்கக்கூடும். வெள்ளையடிப்போடு நில்லாமல் புதுக்காரையே பூச நேர்ந்தால், பிடிப்புக்காகப் பழைய பரப்பை உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்துவது வழக்கம். அப்போது எழுத்து துண்டுபடும்.

விதானத்தில் இந்த ஆயத்தம் இன்னும் கண்டிப்பானது. சுவர்ப் பூச்சின் எடையை ஓரளவு அடியிலுள்ள பூச்சும் தாங்கும். தலைக்கு மேலுள்ள பூச்சுக்குப் பிடிப்பைத் தவிர வேறு துணையில்லை. சொரசொரப்பான பழைய விதானத்தை மெல்லிய பட்டியால் சமன் செய்ய முற்படுவோர் அறியும் முதற்பாடம் இதுவே: புதுப்படலம் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் அடியிலுள்ள பழைய சுண்ணாம்பு ஒட்டவில்லையெனில் இரண்டும் சேர்ந்தே விழும். எனவே தட்டிப் பார்த்து வெற்றொலி தரும் பகுதியைப் பெயர்த்தல், தூளாக உதிர்வதைச் சுரண்டுதல், நீர் தெளித்து உறிஞ்சலைக் கட்டுப்படுத்துதல், அதன்பின் மெல்லிய அடுக்குகளாக ஏற்றுதல் என்பது முறை.

மூடுவது அழிப்பதாகாது என்பதற்குத் தமிழகத்திலேயே பெருஞ்சான்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றுவழியில் நாயக்கர் கால ஓவியப் படலத்தின் அடியில் சோழர் கால ஓவியங்கள் இருந்ததை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி வெளிக்கொணர்ந்தார். பின்னர் இந்தியத் தொல்லியல் துறையினர் மேற்படலத்தைச் சிதைக்காமல் பிரித்தெடுத்து, இரு காலத்து ஓவியங்களையும் காத்தனர். இங்கிலாந்தில் சமயச் சீர்திருத்தத்தின்போது சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்ட தேவாலயச் சுவரோவியங்கள் பல, மறைக்கப்பட்டதனாலேயே நூற்றாண்டுகள் கடந்து கிடைத்தன. அதே நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் சொரசொரப்பு விதானப் பூச்சுகள் பலவற்றில் கல்நார் கலந்திருந்தது. அவற்றை உலர்நிலையில் சுரண்டினால் இழைகள் காற்றில் பரவும் என்பதால், கலக்காமல் அப்படியே மேலே பூசிவிடுவது பாதுகாப்பான வழிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. காரணங்கள் வெவ்வேறு, ஆயினும் கீழ்ப்படலத்தைத் தொடாமல் விடுவதே அதைக் காக்கும் என்பது இவையனைத்துக்கும் பொது.

இவ்வொப்பீடு செல்லுலார் சிறைக்கு ஓர் ஆய்வுமுறையையும் சுட்டுகிறது. சுவரின் கீழ்ப்பகுதி கைகளாலும் முதுகுகளாலும் தேய்ந்தது. அங்கே படலங்கள் முழுமையாக எஞ்சுதல் அரிது. விதானத்தின் மூலைகளோ எவர் கையும் படாதவை. சுவருக்கும் விதானத்துக்கும் ஒருசேர வெள்ளையடிக்கப்பட்டு, இடையில் ஆழமான சுரண்டல் நிகழாதிருந்தால், அம்மூலைகளில் படலங்கள் வரிசை குலையாமல் இருக்க வாய்ப்புண்டு. அவ்வரிசையைச் சுவர்ப்படலங்களோடு ஒப்பிட்டால், ஒரு கீறல் எந்தப் படலத்துக்கு மேலானது, எதற்குக் கீழானது என்று வரையறுக்க இயலும். அவ்வகையில், எவரும் எழுதாத விதானம் எழுதப்பட்ட சுவருக்குக் காலக்கணக்கு ஆகிறது.

அக்கணக்கின் பெரும்பகுதி ஏற்கெனவே இழக்கப்பட்டுவிட்டது. 1941 ஜூன் 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கம், 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆக்கிரமிப்பு, விடுதலைக்குப் பிந்தைய இடிப்பு ஆகியவற்றைக் கடந்து இன்று நிற்பவை மூன்று சிறகுகளே. 1963இல் அவ்வளாகத்தில் மருத்துவமனை அமைந்தது. 1979 பிப்ரவரி 11 அன்று சிறை தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. நினைவுச்சின்னம் தூய்மையாகத் தோன்ற வேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் அதன் சுவர்களுக்கு ஓர் இடரே.

இயற்கையும் துணைநிற்பதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழையும் உப்புக்காற்றும் உள்ள தீவில், ஈரத்தை உள்வாங்கி வெளியிடும் சுண்ணாம்புச் சுவரின்மேல் இறுகிய சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பூக்கும். ஒருநாள் புதிய பூச்சு பழைய காரையையும் உரித்துக்கொண்டு விழும். சுரண்டாமல் பூசினாலும் இவ்வாறு கீழ்ப்படலம் அழியக்கூடும். மேலும் அந்தமான் நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதி. தளர்ந்த விதானத்தில் அடுக்கின்மேல் அடுக்காக எடை ஏற்றுவது வருகையாளர் தலைக்கே ஆபத்து. ஆகவே எதையும் தொடக்கூடாது என்னும் நிலைப்பாடும் இங்கே பொருந்தாது. தளர்ந்ததைப் பெயர்த்தே ஆகவேண்டும்.

இந்நிலையில் வேண்டப்படுவது வேலையின் வரிசையில் ஒரு மாற்றம். சுரண்டும் தகடு சுவரைத் தொடுமுன், பக்கவாட்டு ஒளியில் ஒவ்வொரு பரப்பையும் படமெடுக்கலாம். பெயர்க்கவேண்டிய பொருக்குகளை இடமும் உயரமும் குறித்துச் சேமிக்கலாம். விதான மூலையில் ஒரு சிறு சதுரத்தையேனும் சீர்செய்யாமல் விட்டுவைக்கலாம். அதன்பின் சுண்ணாம்பைச் சுண்ணாம்பாலேயே செப்பனிடலாம். கொத்தனாரின் ஆயத்தப் பணியையும் ஆவணப் பணியாக ஏற்று, அவர் பார்த்ததைக் கேட்டு எழுதும் வழக்கம் மரபுக் கட்டடப் பாதுகாப்பில் இடம்பெற வேண்டும். சுவரில் என்ன இருந்தது என்பதைப் பூசுவதற்கு முன் கடைசியாகக் காண்பவர் அவரே.