கணிப்பொறி தமிழ் கற்ற வரலாறு

பல மொழியினர் கூடி வாழும் நகரில் குடியிருக்கும் நமக்கு, ஒரே பெயரைப் பல எழுத்துகளில் காண்பது புதுமையன்று. புகைவண்டி நிலையத்துப் பெயர்ப்பலகையே அதற்குச் சான்று. ஆனால் கணிப்பொறித் திரையில் ஒரு பொத்தானைத் தொட்டதும் ஆங்கிலப் பக்கம் தமிழாக மாறுகின்றதே, அவ்வசதி ஒரு நாளில் வந்ததன்று.

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆதலின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வேண்டும். 1963-ல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற ஆஸ்கி முறையில் இருந்த இடங்கள் 128. ஆங்கிலத்துக்கு அவை போதும். தமிழுக்கு அங்கே இடமில்லை. உலக எழுத்துகள் அனைத்தையும் ஒரே வரிசையில் அடக்க முனைந்த யூனிகோடு 1991-ல் வெளிவந்தது. அதில் தமிழும் இடம்பெற்றது.

எனினும் குழப்பம் உடனே தீரவில்லை. 1990-களில் தமிழ் வலைத்தளங்கள் பலவும் தத்தமக்கென எழுத்துரு வைத்திருந்தன. உரிய எழுத்துரு இல்லையேல் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றும். 1999-ல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு ஒருமைப்பாட்டுக்கு வழி தேடிற்று. தமிழ்99 விசைப்பலகை அதன் பயனாகும். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது.

எழுத்துச் சிக்கல் இவ்வாறு தீர, சொற்சிக்கல் எஞ்சி நின்றது. நிரலுக்குள் புதைந்து கிடக்கும் சொற்களைப் பிரித்துத் தனிக் கோப்பில் வைத்தால், நிரலைத் தொடாமலே மொழிதோறும் ஒரு சொற்பட்டி சேர்க்கலாம். 1995-ல் வெளிவந்த குனு கெட்டெக்ஸ்ட் என்னும் கருவி இம்முறையைப் பெரிதும் பரப்பியது.

ஆயினும் சொல்லை மாற்றினால் மொழி மாறிவிடுமோ? ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் திரியாது. தமிழிலோ மதுரை 'மதுரையிலிருந்து' என்றும், சேலம் 'சேலத்திலிருந்து' என்றும் ஆகும். இதனை அறியாத நிரல் 'சேலம்இலிருந்து' என்று ஒட்டிவிடும். 'புறப்படும் ஊர்: சேலம்' என அமைத்தால் பிழை நேராது. இத்தகைய நுட்பம் பொறிக்குத் தானே தோன்றுவதன்று. மொழியறிந்தவர் உடனிருந்து சொல்ல வேண்டும்.

நம் சங்கத்து உறுப்பினர் படிவத்தை வலையில் ஏற்ற முனைந்தபோது, "ஆங்கிலம் ஒன்றே போதாதா?" என்று நம்முள்ளேயே சிலர் வினவினோம். தமிழன்றிப் பிற எழுத்தறியாத பாட்டியாரும், தமிழ் பேசியும் படிக்கவறியாத பேரப்பிள்ளைகளும் நம் வீடுகளில் ஒருங்கே வாழ்கின்றனர். ஆங்கிலம் ஒன்றே நின்றால் பாட்டியார் வெளியே நிற்பார். பிள்ளையும் தமிழெழுத்தைக் காணாமலே வளரும். இரண்டும் அருகருகே இருப்பின், பாட்டியார் தாமே படிப்பார். அவர் அருகிலிருந்து பிள்ளையும் எழுத்துக்கூட்டும்.

தமிழ் எழுத்துக்குப் பொறியில் இடம் தேடித் தந்தோர் தம் கடனை முடித்தனர். சொற்பட்டியை நிரப்புதல் நம் கடன். மாலையில் ஒரு நாழிகை ஒதுக்கி, நாம் அனைவரும் அப்பணியில் கைகொடுப்போமாக.