போகி நெருப்பில் டயர் விழுந்த கதை

மார்கழியின் கடைசி நாளான போகி விடியலில் பழையதைக் கழித்து எரிப்பது காலங்காலமாக வரும் வழக்கம். எதை எரித்தோம் என்பது மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. வடசென்னையில் என் பாட்டி வீட்டு வாசலில் எரிந்தவை நைந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், ஓரம் பிய்ந்த மூங்கில் முறம், கூரையிலிருந்து இறக்கிய பழைய ஓலை. வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிப்பதற்குள் தணிந்துவிடும். அந்தப் புகையும் இளைப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாதுதான். ஓலைப் புகையிலும் நுண்துகள் உண்டு. ஆனால் அது கொஞ்ச நேரப் புகை.

பிறகு வீட்டுக்குள் இருந்த பொருட்கள் மாறின. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. ஓலைக் குடிசைகள் இருந்த இடங்களில் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. தீ விபத்து பயம் குறைந்தது. கோரைப்பாய் போய் பிளாஸ்டிக் பாய் வந்தது, முறமும் பிளாஸ்டிக் ஆனது. எரிக்க ஓலை இல்லை, எரிக்கும் வழக்கம் மட்டும் மிஞ்சியது. துறைமுகத்துக்கு வந்துபோகும் லாரிகளின் தேய்ந்த டயர்கள் பஞ்சர் கடை வாசல்களில் குவிந்து கிடந்தன. என் பள்ளிப் பருவத்தில் பையன்கள் சைக்கிள் டயரைக் கொளுத்தினார்கள்; நான் வேலைக்குப் போன காலத்தில் லாரி டயரையே உருட்டிவந்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் மணிக்கணக்கில் எரியும். கடைசியில் உள்ளிருந்த கம்பி வளையம் மட்டும் சாம்பலில் கிடக்கும். ஆறியதும் அதை எடுத்துப்போய் காயலான் கடையில் போட்டுக் காசு வாங்குவார்கள்.

நான் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்தவள். போகிக் காலையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: "ரெண்டு நாளா தும்மல், மூக்கொழுகல் சிஸ்டர். விடியக்காலையிலேருந்து இழுக்குது." அந்த இரண்டு நாளில்தான் வீட்டில் ஒட்டடை அடித்திருப்பார்கள், பரணை இறக்கியிருப்பார்கள், மெத்தையைத் தட்டியிருப்பார்கள். அந்தத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளின் கழிவு கலந்திருக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளையின் மூச்சுக்குழல் அதிலேயே வீங்கத் தொடங்கிவிடும். அதன்மேல் டயர் புகை போய்ச் சேரும். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். எரியும்போது அது கந்தக டை ஆக்சைடாக வெளியேறுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த வாயு சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும். கரித்துகளோ நுரையீரலின் ஆழம்வரை போகும்.

மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே குழியும். மூக்குத் துவாரம் விரியும். பேரைக் கேட்டால் பாதிப் பேர்தான் வரும், அதற்குள் மூச்சு வாங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டெரிஃபிலின் ஊசி போடுவோம். பிற்பாடு நெபுலைசர் வந்தது. மாஸ்க்கை வைத்ததும் பயந்து கையைத் தட்டிவிடுவார்கள். அம்மா மடியில் உட்காரவைத்து, மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டே கதை சொல்லுவேன்.

பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விட்டால், ஐந்து வயதுப் பிள்ளை 20 முதல் 30 முறை விடும். குழலோ சிறியது; கொஞ்சம் வீங்கினாலும் வழி அடைபடும். போதாக்குறைக்கு ஜனவரி விடியலில் காற்று அசையாது. தரையோரம் குளிர்ந்து கிடக்கும் காற்றின்மேல் சூடான அடுக்கு மூடி போல உட்கார்ந்திருக்கும். புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகை பனியோடு சேர்ந்து சென்னை விமான நிலையத்தையே மறைத்தது. விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. அது பத்திரிகைகளில் செய்தியானது. அதே காற்றைத்தான் தெருவில் பிள்ளைகளும் சுவாசித்தார்கள்.

2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள், 24 மணி நேரச் சராசரியில், கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2009இல் நம் நாடு வரம்பு வகுத்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போகியன்று சென்னையில் அளந்த பல ஆண்டுகளில் காற்று அதை மீறியிருக்கிறது. அண்மை ஆண்டுகளில், எரிக்காமல் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுங்கள் என்று சொல்லி மாநகராட்சியே பழைய பொருட்களை வாங்கிக்கொள்கிறது. மதித்துக் கொடுப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு நிம்மதி.

எங்கள் தெருவில் தெலுங்குக் குடும்பங்கள் உண்டு. போகி சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்து, இலந்தைப்பழமும் பூவும் சில்லறையும் கலந்து தலையில் சொரிவார்கள். கண்ணேறு கழிந்து பிள்ளை நன்றாயிருக்க வேண்டும் என்று. பிள்ளை நலத்துக்கென்று சடங்கு வைத்திருக்கும் பண்டிகை இது. மேளம் அடிக்கட்டும், வீடு துலங்கட்டும், பழையது கழியட்டும். டயர் நம் பாட்டிகள் போட்டதல்ல. நம் காலத்தில் நாம் உள்ளே விட்டது. நாமே அதை வெளியே எடுக்க வேண்டும்.