பேரிடர்க் கரையில் உளவியல் ஆய்வு: முறையும் அறமும்

பேரிடரில் தப்பியவர்களின் மனநிலையைக் கேள்வித்தாள், நேர்காணல், சிகிச்சைச் சோதனை ஆகியவற்றின் வழியே அறிய முயல்வது பேரிடர் உளவியல் ஆய்வு. தமிழகக் கடற்கரைக்கு இது பரவலாக வந்தது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான். நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாக மாநிலத்தில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது கன்னியாகுமரி மாவட்டம். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களில் இழப்பு மிகப் பெரிது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதிகளின் ஆழ்கடல் மீனவர்களைக் கொண்டுபோனது. பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. இத்தகைய மக்களிடம் நடக்கும் ஆய்வைப் பற்றிப் பேசும்போது, முறை என்பது விஞ்ஞானிகளின் கவலை, அறம் என்பது அறக்குழுக்களின் கவலை என்று பிரித்துவிடுவது வழக்கம். அந்தப் பிரிவினை நிற்காது. அறம் பிசகிய இடத்தில் தரவும் பிசகியே இருக்கும்.

சுனாமிக்குப் பின் தமிழகத்தில் நடந்த ஓர் ஆய்வு, மீனவக் கிராமம் ஒன்றில் 314 பெரியவர்களைச் சோதித்து, 12.7 விழுக்காட்டினருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் இருப்பதாகச் சொன்னது. 523 சிறாரிடம் நடந்த வேறொன்றில் அந்நோயின் உடனடி வடிவம் 70.7 விழுக்காடு. வயது வேறு, அளவுகோல் வேறு. எனவே ஒன்று மெய், மற்றது பொய் என்று தீர்ப்பளிக்க முடியாது. ஆனால் அளவுகோல் எதைத் தொடுகிறது என்று கேட்கலாம். நடந்ததை நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கிறீர்களா என்பது இத்தகைய கேள்வித்தாள்களில் வழக்கமாக வரும் கேள்வி. வள்ளம் உடைந்ததால் கடலுக்குப் போகாதவர் என்ன பதில் சொல்வார்? வலைக்கு வாங்கிய கடனுக்காக, உள்ளுக்குள் நடுங்கியபடியே கடலுக்குப் போகிறவரை அதே கேள்வி குணமானவர் என்று கணக்கில் எழுதிவிடும். எதிர்காலமே இல்லை என்று தோன்றுகிறதா என்று தற்காலிகக் கொட்டகையில் இருப்பவரிடம் கேட்டால், ஆம் என்ற பதில் நோய்க்குறியாகவும் இருக்கலாம், உள்ள நிலைமையைச் சரியாகச் சொன்னதாகவும் இருக்கலாம். ஒக்கியில் காணாமற்போனவரின் மனைவியிடம், கணவர் இறந்து எத்தனை மாதம் என்று தொடங்கும் துயர அளவுகோலை நீட்டுவது இன்னும் மோசம். அந்தப் பெண் இன்னும் ஏற்காத ஒன்றைக் கேள்வியே முடிவு கட்டிவிடுகிறது.

அடுத்தது ஒப்புதல். குமரிக் கரையில் வெளியாள் ஊருக்குள் நுழையும் வழி பங்குத்தந்தை, பங்குப்பேரவை, ஊர்க் கமிட்டி. அவர்களிடம் அனுமதி பெறுவது மரியாதை. ஆனால் ஊர் தலையசைத்த பிறகு ஒரு வீட்டுக்காரர் மறுப்பது எளிதல்ல. ஆகவே ஊரின் அனுமதி தனியாளின் ஒப்புதலுக்கு மாற்றாகாது. நிவாரணப் பட்டியல் எடுக்கப்படும் வாரத்திலேயே ஆய்வாளரும் பேனாவும் தாளுமாக வந்தால், இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில் வியப்பில்லை. பேர் விட்டுப்போகும் என்ற பயத்தில் இட்ட கையெழுத்து சம்மதம் அல்ல. அதே பயத்தில் சொன்ன பதிலும் தரவு அல்ல. அறத் தவறு விஞ்ஞானத் தவறாக மாறும் புள்ளி இது. மனநோய் உள்ளவரை ஆய்வுக்காக நேர்காணல் செய்வதற்குக்கூட அவருடைய சுதந்திரமான, விவரம் அறிந்த ஒப்புதல் வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 99-ஆம் பிரிவு.

இப்படித் தடைகளை அடுக்கினால் ஆய்வே நடக்காது, நல்ல சிகிச்சை எது என்று தெரியாமலே போகும் என்பது வலுவான மறுப்பு. அதில் நியாயம் உண்டு. பேரிடர் முடிந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொல்லவைக்கும் ஒரே அமர்வு ஆற்றுப்படுத்தல் ஒரு காலத்தில் நல்லெண்ணத்தோடு எங்கும் செய்யப்பட்டது. அது நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்று காட்டியவை, ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாட்டுக் குழு வைத்து நடத்திய சோதனைகளே. நல்ல மனது ஆய்வுக்கு ஈடாகாது.

ஆனால் கட்டுப்பாட்டுக் குழு என்றால் ஒரு பகுதியினரைச் சும்மா காக்கவைப்பது என்றே பொருளல்ல. சுனாமி முகாம்களில் மூச்சுப் பயிற்சியைச் சோதித்த ஓர் ஆய்வு, 183 பேரை முகாம் வாரியாகப் பிரித்து, ஒரு பிரிவினரை ஆறு வாரம் காக்கவைத்தது. முகாம் வாரியாகப் பிரித்ததால், தெரிந்த வேறுபாடு பயிற்சியினாலா, முகாம்களின் நிலைமையினாலா என்ற சந்தேகமும் ஒட்டிக்கொண்டது. வடகிழக்கு இலங்கையில் போரும் சுனாமியும் தாக்கிய 31 சிறாரிடம் நடந்த சோதனை வேறு வழியில் போனது. குலுக்கல் முறையில் பாதிப்பேருக்கு நடந்ததைக் கோவையாகச் சொல்லவைக்கும் சிகிச்சை, மீதிப்பேருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். வெறுங்கையோடு யாரும் விடப்படவில்லை. ஆறு மாதத்தில் முதல் பிரிவில் 81 விழுக்காட்டினரும் மற்றதில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தனர். சிகிச்சையே தராத பிரிவு இல்லாததால், தானாகவே தேறியிருப்பார்களோ என்று கேட்க இடமுண்டு, எண்ணிக்கையும் சிறிது. அந்தக் குறையோடும் இதுவே ஏற்கத்தக்க வடிவம்.

அறக்குழுவின் அனுமதிக்குக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்ற புகாருக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளிலேயே விடை இருக்கிறது. பேரிடர்க்கால ஆய்வுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கி, அறக்குழு விரைந்து பரிசீலிக்கவும், ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே எழுதிச் சரிபார்த்து வைக்கவும் அது இடம் தருகிறது. ஒப்புதல் படிவத்தையும் கேள்வித்தாளையும் கரையோர மக்களோடு உட்கார்ந்து திருத்தும் வேலையைக் குமரி மாவட்டத்தில் புயல் இல்லாத மாதங்களிலேயே முடித்துவைக்க வேண்டும்.