ஜொகூர் பாருவில் குடியிருப்பு, சிங்கப்பூரில் வேலை: ஒரு வரலாறு

ஜொகூர் பாரு, மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தலைநகரம். ஜொகூர் நீரிணை அதனைச் சிங்கப்பூரிலிருந்து பிரிக்கிறது. இரண்டையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் 1 கிலோமீட்டரைவிடச் சற்றே அதிகம். சிங்கப்பூரில் சம்பளம் பெற்று, செலவு குறைந்த ஜொகூர் பாருவில் குடியிருப்போர் நாள்தோறும் இப்பாலத்தைக் கடந்து வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். இவர்களுள் மலேசியத் தமிழர்களும் உள்ளனர். சிங்கப்பூரின் வீட்டு வாடகையைத் தாங்க இயலாமல் இங்கு வந்து தங்கும் பிற நாட்டினரும் உள்ளனர். குறைந்த செலவில் வாழ ஏற்ற நகரம் என்று இது பேசப்படுகிறது. இந்த மலிவு இயற்கையாக அமைந்ததன்று. ஒரே நாடும் ஒரே நாணயமும் இரண்டாகப் பிரிந்ததன் விளைவு அது.

பாலமும் தமிழர் குடியேற்றமும்

தஞ்சோங் புத்ரி என்ற பெயரில் 1855 இல் நிறுவப்பட்ட ஊர், பின்னர் ஜொகூர் பாரு எனப் பெயர் மாற்றம் பெற்றது. சிங்கப்பூரின் ரயில் பாதை 1903 இல் தீவின் வடபகுதியை எட்டியது. ஜொகூரின் ரயில் பாதை 1909 இல் நிறைவுற்றது. இடையிலிருந்த நீரிணையை மக்களும் சரக்கும் படகுகளில் கடந்தனர். ரப்பர் வணிகம் பெருகியதும் படகுகள் போதவில்லை. கடற்பாலத்தில் 1923 செப்டம்பரில் சரக்கு ரயில்களும் அக்டோபரில் பயணியர் ரயில்களும் ஓடத் தொடங்கின. 1924 ஜூன் 28 அன்று பாலம் முறைப்படி திறக்கப்பட்டது.

ஜொகூரின் ரப்பர் தோட்டங்களில் உழைத்தவர்களுள் தமிழர் பலர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஜொகூர் பாருவில் ரயில் பாதை ஓரத்தில் 1922 இல் எளிய கொட்டகையாகத் தொடங்கிய இராஜகாளியம்மன் கோயில், இன்று கண்ணாடிக் கோயிலாகப் புகழ் பெற்றுள்ளது. தோட்ட வேலை குறைந்தபோது அக்குடும்பங்களின் அடுத்த தலைமுறையினர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பாலத்திற்கு அப்பாலிருந்த தொழிற்சாலைகளும் கப்பல் பட்டறைகளும் அவர்களுள் பலருக்கு வேலை தந்தன.

ஒரு வெள்ளி இரண்டானது

சிங்கப்பூர் 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியாவுடன் இணைந்தது. 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிந்தது. பிரிந்த பின்னும் சிறிது காலம் இரு நாடுகளிலும் ஒரே பணமே புழங்கியது. 1967 ஜூன் 12 முதல் இரண்டும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. கடற்பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஆயினும் இரு நாணயங்களும் சம மதிப்பில் மாற்றிக்கொள்ளத்தக்கனவாக இருந்தன. 1973 மே மாதத்தில் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

1980 அளவில்கூட ஒரு சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு ஏறத்தாழ ஒரு ரிங்கிட்டாகவே இருந்தது. 1990 இல் அது சுமார் ஒன்றரை ரிங்கிட் ஆனது. 1997 இல் தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின் 2 ரிங்கிட்டைத் தாண்டியது. 2024 பிப்ரவரியில் 3.50 ரிங்கிட்டுக்கும் மேலாக இருந்தது. 2,000 சிங்கப்பூர் வெள்ளி சம்பளம் வாங்குபவரை எடுத்துக்கொண்டால், 1980 இல் அது ஏறத்தாழ 2,000 ரிங்கிட். 2024 தொடக்கத்தில் ஏறத்தாழ 7,000 ரிங்கிட். வேலை மாறவில்லை, சம்பளமும் மாறவில்லை. பாலத்தைக் கடந்ததும் அதன் வாங்கும் திறன் மட்டும் மாறிவிடுகிறது. பேச்சுத் தமிழில் இரு நாணயங்களையுமே ‘வெள்ளி’ என்று அழைக்கும் வழக்கம் மட்டும் பழைய ஒற்றுமையின் எச்சமாக நிற்கிறது.

மலிவுக்கு அரசுகள் இட்ட வேலி

விலை வேறுபாடு பெருகியபோது இரு அரசுகளும் கட்டுப்பாடுகளை விதித்தன. மலேசியாவில் மலிவாகப் பெட்ரோல் நிரப்பித் திரும்புவதைக் குறைக்க, வெளியேறும் சிங்கப்பூர் வாகனங்களின் கலத்தில் பாதியளவு எரிபொருள் இருக்க வேண்டும் என்று சிங்கப்பூர் 1989 இல் விதித்தது. 1991 இல் அதை முக்கால் அளவாக உயர்த்தியது. மானிய விலைப் பெட்ரோலை வெளிநாட்டு வாகனங்களுக்கு விற்கக் கூடாதென மலேசியா 2010 இல் தடுத்தது. வீடு வாங்கும் வெளிநாட்டினருக்கு ஜொகூரில் 2014 முதல் 10 லட்சம் ரிங்கிட் குறைந்தபட்ச விலை வரம்பு உள்ளது. எனவே நடுத்தர வருவாயுள்ள வெளிநாட்டவருக்கு வாடகை வீடே எஞ்சிய வழி.

மலிவின் விலை

பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலத்துக்கு நாள்தோறும் ரயிலில் போய் வருபவர் பயணச்சீட்டு மட்டும் வைத்திருந்தால் போதும். ஜொகூர் பாருவிலிருந்து செல்பவரோ காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என நான்கு குடிநுழைவுச் சோதனைகளைக் கடக்க வேண்டும். சுமார் 3 லட்சம் பேர் நாள்தோறும் கடக்கும் பாலம் இது. ஆகவே பலர் விடியுமுன்னரே மோட்டார் சைக்கிளில் புறப்படுகின்றனர். வாடகையில் மிச்சமாவதை உறக்கத்தில் கொடுக்க நேர்கிறது. மேலும், வேலை அனுமதியில் பணிபுரியும் வெளிநாட்டினருக்குச் சிங்கப்பூரின் மத்திய சேமநிதி கிடையாது. முதுமைக்கான சேமிப்பைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாழ்க்கை எல்லையை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பது 2020 இல் வெளிப்பட்டது. கொரோனா பரவலால் மார்ச் 18 அன்று மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்தியது. வேலையைக் காக்க நினைத்தவர்கள் அவசரமாகச் சிங்கப்பூருக்குள் சென்று தங்கினர். ஆகஸ்டில் வந்த சிறப்பு ஏற்பாட்டின்படியும் குறைந்தது 90 நாள் வேலை செய்த பின்பே வீடு திரும்ப முடிந்தது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்த பிள்ளைகளைக் கைப்பேசித் திரையில் மட்டுமே பெற்றோர் கண்டனர். 2022 ஏப்ரல் 1 அன்றுதான் பாலம் முழுமையாகத் திறந்தது.

தமிழ்நாட்டவர் அறிய வேண்டியது

சிங்கப்பூரில் பணிபுரியும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு இவ்வழி எளிதில் வாய்ப்பதில்லை. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இன்றி 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம். ஆனால் அது குறுகியகால வருகைக்கான சலுகை. குடியிருப்பு அனுமதி அன்று.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் சுமார் 4 கிலோமீட்டர் விரைவு ரயில் பாதையை 2026 இறுதியில் இயக்கத் திட்டமிடப்பட்டது. மணிக்கு ஒரு திசையில் 10,000 பயணிகளை ஏற்றிச் செல்லுமாறு அது வடிவமைக்கப்பட்டுள்ளது. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளும் ஏறும் நிலையத்திலேயே முடிந்துவிடும். இதனால் பயண நேரம் குறையும். பயணம் எளிதானால் ஜொகூர் பாருவில் குடியேற விரும்புவோர் பெருகுவர்; அவர்கள் பெருகினால் வாடகையும் ஏறும். அந்த ஏற்றத்தின் சுமை, ரிங்கிட்டில் சம்பளம் வாங்கும் உள்ளூர் மக்கள்மீதே முதலில் விழும்.