அந்துப்பூச்சியாக எண்ணப்பட்ட வண்ணத்துப்பூச்சிகள்

பகலில் பறப்பது வண்ணத்துப்பூச்சி, இரவில் பறப்பது அந்துப்பூச்சி என்றுதான் பாடசாலையில் நான் படித்தேன். மத்திய, தென் அமெரிக்காவில் வாழும் ஹெடிலிடே குடும்பம் இந்த விதிக்குள் அடங்காது.

மக்ரோசோமா என்ற ஒரே பேரினத்தில் சுமார் 36 இனங்கள் இதில் உள்ளன. பெரும்பாலானவை இரவில் பறப்பவை. மங்கிய நிறம் கொண்டவை. வண்ணத்துப்பூச்சிகளின் உணர்கொம்பு நுனியில் காணப்படும் குமிழ் இவற்றுக்கு இல்லை. வௌவாலின் மீயொலியைக் கேட்கும் செவியும் சிறகில் உண்டு. ஆகவே ஜியோமெட்ரிடே என்ற அந்துப்பூச்சிக் குடும்பத்தில் நீண்டகாலம் சேர்க்கப்பட்டிருந்தன.

1986இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மல்கம் ஸ்கோபல் இவற்றின் உடலமைப்பை ஆராய்ந்து, இவை வண்ணத்துப்பூச்சிகளே என்று வாதிட்டார். முட்டை, புழு, இடையில் பட்டுநூல் கட்டிய கூட்டுப்புழு ஆகியன வண்ணத்துப்பூச்சிகளையே ஒத்திருந்தன. ஆனாலும் இவற்றுக்கெனத் தனிப் பெருங்குடும்பம் ஒன்றை அவர் வைத்திருந்தார்.

மரபணு ஆய்வுகள் அவரது முடிவை உறுதிப்படுத்தின. தனிப் பெருங்குடும்பம் மட்டும் நிலைக்கவில்லை. 2023இல் சுமார் 2,300 இனங்களில் 391 மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்விலும் இவை வண்ணத்துப்பூச்சிகளுக்குள்ளேயே அடங்கின. வண்ணத்துப்பூச்சிகளோ அந்துப்பூச்சிகளிலிருந்து பிரிந்த ஒரு கிளை. அடுத்தமுறை ஒரு பிள்ளை என்னிடம் வித்தியாசம் கேட்டால், பறக்கும் நேரத்தை மட்டும் சொல்லி நிறுத்தமாட்டேன்.