கடல்கோளும் கைவினை நூலும்

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. காரைக்காலின் பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு முதலிய மீனவக் கிராமங்களுக்குள் ஆழிப்பேரலை புகுந்தது. காவிரிக் கடைமடையிலுள்ள அச்சிறு பகுதியில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசுக் கோப்புகளில் அவர்கள் எண்களாயினர். பாட்டில், நூலில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நாம் கேட்டுக்கொண்டதுண்டா?

இக்கேள்விக்கு அவசியமே இல்லாத காலம் ஒன்றிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் புயலோ வெள்ளமோ கொலையோ நேர்ந்தால், உடனே அதைச் சிந்தாகக் கட்டி, மட்டமான தாளில் சில பக்கங்கள் அச்சிட்டு, முச்சந்தியில் பாடி விற்றனர். குஜிலிப் பதிப்புகள் என்று படித்தோர் ஏளனம் செய்த அவற்றின் வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ (2004) நூலில் எழுதினார். அந்நூல் வெளிவந்த ஆண்டிலேயே பேரலையும் வந்தது. அப்போது சிந்து பாடுவோர் ஏறக்குறைய மறைந்துவிட்டிருந்தனர்.

வங்கத்தில் அத்தகைய மரபு அறுபடவில்லை. அங்குள்ள பட்டுவா ஓவியர்கள் நீண்ட சுருளில் கதையை வரைந்து, அதை விரித்தபடியே விரலால் சுட்டிப் பாடுவார்கள். ஜொய்தேப், மொய்னா சித்ரகார் இருவரும் பேரலையைப் பாடி வரைந்ததைச் சென்னையின் தாரா புக்ஸ் 2009இல் ‘சுனாமி’ என்னும் கைவினை நூலாக்கியது. மடிப்பு மடிப்பாக அமைந்த அந்நூலை விரித்தால் மீண்டும் சுருளாகிவிடும்.

எழுத்தாளர் கீதா உல்ஃப் 1994இல் தொடங்கிய பதிப்பகம் அது. ஓவியர் இந்திரப்ரமித் ராயுடன் இணைந்து அவர் ஆக்கிய, பசித்த சிங்கத்தைப் பற்றிய சிறுவர் நூலுக்கு வெளிநாட்டிலிருந்து 8000 பிரதிகள் கேட்டு வந்தன. ஓவியத்தின் வண்ணங்களைப் பிரிக்கக் கணினி உதவலாம். ஆனால் வண்ணத்துக்கு ஒரு திரை வைத்து, ஒவ்வொரு தாளிலும் மையை இழுத்து, காயவைத்து, தைப்பதெல்லாம் கைகள்தாம். எழுதுபவரும் வரைபவரும் மட்டுமல்லர், அச்சிடுபவரும் அந்நூலின் ஆக்கத்தில் பங்காளிகள்.

இவ்விடத்தில் ஒரு நெருடலையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. சிந்துப் புத்தகம் மலிவானது, எளிதில் கிழிந்துபோவது. ஆனால் யார் துயரைப் பாடியதோ அவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தது. கைவினை நூல் நெடுநாள் நிற்கும். ஆனால் கிளிஞ்சல்மேட்டில் மகனை இழந்த தாய் அதை விலைகொடுத்து வாங்குவாளா? காலத்தை வெல்வதும் கரைக்குத் திரும்புவதும் ஒரே நூலுக்குக் கூடிவருவது அரிதாகவே இருக்கிறது.

ஆயினும் வழி இல்லாமலில்லை. நம் கரையோரப் பெண்கள் மாரடித்துப் பாடிய ஒப்பாரியைக் கேட்டெழுத ஒருவரும், அதை வரைய ஒருவரும், அச்சிடச் சில கைகளும் கூடினால் போதும். முதல் பிரதி அவ்வூர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சேரட்டும். அலையைக் கண்ணால் கண்டவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே நாம் போய்க் கேட்க வேண்டும்.